கலியோப்பி வீட்டுக்குப் போகிற வழி

கை நனைக்கக் கூடாது. வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. சென்னை விமான நிலையத்தில், டிக்கெட் இல்லாதவர்கள் இதற்கு மேல் வரக் கூடாது என்கிற கண்ணாடிக் கதவு வரைக்கும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, மூச்சு வாங்க நின்று, இவர் சொன்னது அது ஒன்றுதான். "போய்ப் பாத்துட்டு வா. கை மட்டும் நனைச்சிராத. நீ நனைச்சா நான் நனைச்ச மாதிரி." ஊர் உலகத்தில் முதல் தடவை வெளிநாடு போகிற பெண்டாட்டியிடம் பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வை என்பார்கள், ஸ்வெட்டர் போட்டுக்கொள் என்பார்கள். எனக்கு வாய்த்த சங்கரபாண்டியன் சோற்றைப் பற்றிச் சொல்லி அனுப்புகிறார். சொன்னதிலும் தப்பில்லை. கோவில்பட்டியில் எங்கள் பக்கம், சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் பேசி முடிகிற வரைக்கும் யாரும் சாப்பிட மாட்டோம். இலை போட்டுக் கூப்பிட்டாலும் இன்னொரு நாள் ஆகட்டும் என்று எழுந்து வந்துவிடுவோம். அந்த வீட்டுச் சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் பின்வாங்கினால் உண்ட வீட்டுக்கு ரெண்டகம். காப்பி வரைக்கும் பரவாயில்லை என்கிற வீடுகளும் உண்டு. இவர் பச்சைத்தண்ணீர்கூடக் கூடாது என்கிற ரகம். இன்றைக்கு மத்தியானம் நான் போகப் போகிற வீடு ஏதென்ஸில் இருக்கிறது. என் மகள் செண்பகா கட்டிக்கொள்ள நினைக்கிற மனோலிஸ் என்கிற பையனுடைய வீடு. இரண்டு பேரும் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார்கள். பையனுக்கு அப்பா இல்லை, அம்மா கலியோப்பி மட்டும்தான். முதலில் அம்மாக்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளட்டும், அப்புறம் நான் வருகிறேன் என்று பையன் ஆபீசுக்குப் போய்விட்டானாம். கெட்டிக்காரன். அடி விழுகிற இடத்தில் நிற்காமல் நழுவத் தெரிந்தவன். மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கிறது, வாம்மா, வழியில் பழைய இடிபாடுகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று செண்பகா என்னைக் கூட்டிக்கொண்டு நடக்கிறாள். அவள் முன்னால், நான் பின்னால். கை நனைக்கக் கூடாது.

இந்த இடத்துக்கு அகோரா என்று பெயராம். அந்தக் காலத்தில் சந்தை, கோயில், கோர்ட்டு, ஊர்க்கூட்டம் எல்லாம் இங்கேதான் என்கிறாள். இப்போது பார்த்தால் புல்லும் கல்லும். தூண்களைத் துண்டு துண்டாகக் கிடத்தியிருக்கிறார்கள், ஆட்டுரல்களைச் சாய்த்துப் போட்ட மாதிரி. தலையில்லாத சிலைகள் வரிசையாக நிற்கின்றன. எங்கள் ஊரில் சிலைக்கு மூக்கு உடைந்தாலே பூசை கிடையாது, தண்ணீரில் விட்டுவிடுவார்கள். இங்கே தலையே இல்லாததற்குக் கயிறு கட்டிக் காவல் காக்கிறார்கள். கல்யாணமான புதிதிலிருந்து இன்சூரன்ஸ் ஏஜெண்டாக அலைந்தவள் நான். எதைப் பார்த்தாலும் இது எத்தனை நாளைக்கு என்றுதான் முதலில் தோன்றும். மேட்டின்மேல் ஒரு கோயில் மட்டும் கூரையோடு முழுசாக நிற்கிறது. அது மட்டும் எப்படித் தப்பித்தது என்று கேட்டேன். பின்னால் வந்தவர்கள் அதை மாதாகோயிலாக்கி உள்ளே புழங்கிக்கொண்டே இருந்தார்களாம், அதனால் விழவில்லையாம். ஆமாம், ஆள் புழங்குகிற வீடு விழாது. பூட்டிப் போட்டால்தான் கரையான் வரும். இதைச் சொல்லிக்கொண்டே திரும்புகிறேன், செடிக்குள்ளிருந்து ஒரு ஆமை வருகிறது. நிஜ ஆமை, கையகலம், கழுத்தை நீட்டிக்கொண்டு, யாரைப் பற்றியும் கவலையில்லாமல். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று கேட்டிருக்கிறேன், ஆமை புகுந்த ஊரையே இன்றைக்குத்தான் பார்க்கிறேன். செண்பகா சிரித்துப் போட்டோ எடுக்கிறாள். நல்ல காரியத்துக்குப் போகிற வழியில் ஆமை வரலாமா. ஆனால் இது நல்ல காரியமா இல்லையா என்றே இன்னும் முடிவாகவில்லையே, அப்படியானால் ஆமை எதற்குச் சகுனம். நடந்தால் கெட்டது என்றா, நடக்காவிட்டால் கெட்டது என்றா. விட்டுத் தள்ளு, அது பாட்டுக்குப் புல் தின்கிறது. தின்னட்டும். அதுக்கு யாரும் கை நனைக்காதே என்று சொல்லி அனுப்பவில்லை.

கொஞ்சம் தள்ளி வட்டமாக ஒரு தரை. சுவர் இல்லை, கூரை இல்லை, வெறும் வட்டம். பலகையைப் படித்துச் செண்பகா சொல்கிறாள்: ஊர்ப் பொறுப்பில் இருந்தவர்கள் தினமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட இடம், ஊர்ச் செலவில் சாப்பாடு. குடிக்கிற கிண்ணத்தையெல்லாம் தோண்டி எடுத்திருக்கிறார்களாம், யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருக்க அதில் ஊர்ச்சொத்து என்று எழுத்து பொறித்திருக்குமாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் கல்யாண மண்டபத்து டம்ளரிலும் அப்படித்தான் பேர் வெட்டியிருக்கும். அப்படியும் பாதி எங்கள் நாத்தனார்மார் வீட்டு அடுப்படியில் இருக்கும். கோர்ட்டு போய்விட்டது, சந்தை போய்விட்டது, சாப்பிட்ட இடம் மட்டும் வட்டமாக மிஞ்சியிருக்கிறது. செண்பகா சும்மா இருக்காமல், வெளியூரிலிருந்து வருகிற பெரிய மனிதர்களைக் கூப்பிட்டுச் சோறு போடுவதுதான் அந்தக் காலத்தில் இந்த ஊரின் பெரிய மரியாதை என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. கெட்டிக்காரி. என் வயிற்றில் பிறந்தவள்தானே, எந்த இடத்தில் எதைப் போட்டு வைக்க வேண்டும் என்று தெரியும். நானும் பாலிசி எடுக்காதவர்களிடம் அப்படித்தான், நேராகக் கேட்க மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்ததைச் சொல்லிவிட்டு முறத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கே தண்ணி காட்டுகிறாள். கோபம் வந்தது, அந்தக் கோபத்துக்குள்ளேயே பெருமையும் வந்தது. வெயில் ஏறுகிறது, நடப்போம் என்றேன்.

சங்கரபாண்டியன் கெட்டவர் இல்லை. இதை நான் யாரிடம் சொல்கிறேன், இந்தக் கல்லிடமா. ஆனால் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவரை நானே தப்பாக நினைத்துவிடுவேன். அவருடைய தங்கை பொன்னுத்தாய் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவரோடு போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். வேறு ஆட்கள். அடுத்த தெருவில்தான் வீடு. அன்றைக்கு இவர் சொன்னார், அவள் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று. சொன்னது சொன்னதுதான். ஆனால் பாசம் போகவில்லை, அதுதான் வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கினால் ஒரு பங்கை அவள் வீட்டுக் கேட்டில் மாட்டிவிட்டு வருவார். தீபாவளிக்குத் துணி எடுத்துக்கொண்டு போய்க் கேட்டுக்கு வெளியே நின்று கொடுப்பார். அவள் செம்பில் தண்ணீர் கொண்டுவருவாள், இப்பத்தான் குடிச்சேன் என்பார். அவள் திரும்ப உள்ளே கொண்டுபோவாள். இது நடந்துகொண்டே இருந்தது, அவளுடைய பிள்ளைகள் பெரிய ஆளாகிற வரைக்கும். அவள் புருசன் செத்தபோது பாடை கட்டினதே இவர்தான். பதினாறாம் நாள் பந்தியில் இலை விழுந்ததா, சாம்பார் வந்ததா என்று வெளியே நின்று சத்தம் போட்டு எல்லாரையும் சாப்பிட வைத்தார். வீட்டுக்கு வந்து, இருட்டில் அடுப்படியில் உட்கார்ந்து, பழைய சோற்றைப் பிழிந்து தின்றார். நான் விளக்கைப் போட்டேன். போடாதே என்றார். அந்தக் குரல் இப்போது இந்த வெயிலில் கேட்கிறது. வைராக்கியம் என்று ஊரில் சொல்வார்கள், ஆம்பிளை என்றால் இப்படி இருக்கணும் என்று இரண்டு பேர் சொன்னால் போதும், அதிலேயே குளிர்காய்ந்து விடலாம். ஆனால் அது யாருக்கும் நல்லதில்லை. அவருக்குத்தான் முதலில் நல்லதில்லை. நாளைக்கு செண்பகா வீட்டு வாசலிலும் இப்படித்தான் நிற்பாரா. அதற்கு ஏதென்ஸ் வரைக்கும் வர வேண்டுமே, அடுத்த தெரு இல்லையே. இங்கே யார் வீட்டுக் கேட்டில் மீனை மாட்டுவார். மாட்டக்கூட முடியாமல் ஊரிலேயே உட்கார்ந்து, டிவியைப் பார்த்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல். இல்லை, அதை நினைக்கக் கூடாது. நான் பார்த்துவிட்டு வரத்தான் வந்திருக்கிறேன். ஏஜெண்டுக்கு வீட்டைப் பார்க்கத் தெரியும். பார்த்ததைச் சொல்வேன், முடிவு அவருடையது. முடிவு அவருடையது என்று சொல்லும்போதே அது பொய் என்று தெரிகிறது. என்னை அனுப்பியதே, அவர் வாயால் சரி என்று சொல்ல முடியாததாலா, வேண்டாம் என்று சொல்ல முடியாததாலா.

இப்போது தெருக்கள். பிளாக்கா என்கிறாள், ஏதென்ஸிலேயே பழைய பேட்டையாம். கல் பாவிய சந்து, இரண்டு பக்கமும் கடைகள், கடைக்கு மேலே வீடு, மாடிக் கைப்பிடியில் துணி காய்கிறது. திரும்பினால் வீட்டுக்கு நடுவே திடீரென்று இரண்டு தூண் நிற்கும், அதில் சாய்ந்து ஒருவன் போன் பேசிக்கொண்டிருப்பான். ரோட்டோரத்தில் வரிசையாக நாரத்தை மரம். ஒரே மரத்தில் பூவும் காயும். கீழே காய் விழுந்து, கார் ஏறி நசுங்கிக் கிடக்கிறது. அடப் பாவிகளா, ஊறுகாய் போட்டால் ஒரு தெருவே வருசம் முழுக்கத் தொட்டுக்கொள்ளலாமே. குனிந்து ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன். அம்மா, கீழே போடு என்று செண்பகா கூசினாள். சின்னப் பிள்ளையில் ரோட்டில் எதைக் கண்டாலும் எடுத்து வாயில் வைக்கிறவள் இவள். இப்போது என்னைக் கண்டிக்கிறாள். வெறுங்கையோடு போகிறோமே என்று அப்போதுதான் உறைத்தது. பூ, பழம், இனிப்பு எதுவும் கொண்டுபோகக் கூடாது என்பதும் வீட்டிலேயே இவர் போட்ட உத்தரவு. தட்டில் வைத்து நீட்டினால் அதுவும் பேசி முடித்த மாதிரிதான். கோவில்பட்டியிலிருந்து வருகிறவள் ஒரு பொட்டலம் கடலைமிட்டாய்கூட இல்லாமல் ஒரு வீட்டுப் படி ஏறுவதா. ஒரு வீட்டுக்குள் வெறுங்கையாகப் போய், வெறும் வாயோடு திரும்புவது என் தொழிலுக்கே விரோதம். எந்தத் தெரு, எந்த ஆட்கள் என்று பார்க்காமல் எல்லார் வீட்டிலும் காப்பி குடித்தவள் நான். இவர் சொந்தக்காரர்கள் அதற்கு முகத்தைச் சுளித்தார்கள். காப்பியை மறுத்த வீட்டில் பாலிசி விழாது என்று நான் சொல்வேன், இவர் கேட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். தொழில் என்றால் அவருக்குச் சரிதான். மகள் என்றால்தான் தண்ணீர்கூடக் கூடாது.

படி ஏறுகிறோம். சந்து குறுகிக் குறுகி, எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம் ஆகிவிட்டது. முழங்கால் வலி. தலைக்கு நேர் மேலே பெரிய பாறை, அதன் உச்சியில்தான் படத்தில் எல்லாம் போடுகிற அந்தப் பெரிய கோயில், பக்கத்தில் ஒரு கிரேன். பாறையின் இடுப்பில் ஒட்டிக்கொண்டு தீப்பெட்டி தீப்பெட்டியாக வெள்ளையடித்த வீடுகள். அனாஃபி என்று ஒரு தீவிலிருந்து ராஜாவுக்கு அரண்மனை கட்ட வந்த கொத்தனார்கள் தங்களுக்குக் கட்டிக்கொண்ட குடிசைகளாம் இதெல்லாம், மனோலிஸின் முன்னோர் அப்படி வந்தவர்கள்தானாம். அரண்மனை கட்ட வந்தவன் வீடு இத்தனூண்டு. எல்லா ஊரிலும் அப்படித்தான் போல. ஒரு படியில் உட்கார்ந்தேன். பூனை ஒன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. இந்தப் படியில் என் மகள் காய்கறிப் பையோடு ஏறுவாள், வயிற்றுப் பிள்ளையோடு ஏறுவாள், வயசாகி முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள், அதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன். காய்ச்சல் வந்தால் எந்தப் பாஷையில் முனகுவாள். நான் செத்தால் வந்து சேருவதற்குள் எடுத்துவிடுவார்கள். பயமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, பயம்தான். செண்பகா ஒரு படி கீழே நின்றுகொண்டு என் செருப்பையே பார்த்தாள்.

"எம்மா, ஒண்ணு கேக்கேன். அப்பா கடைசி வரைக்கும் மாட்டேன்னே சொன்னா நீ என்ன செய்வ?"

"மொதல்ல வீட்டப் பாப்போம்ட்டி" என்றேன். கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும். ஓடிப்போகாமல், பதிவுத் திருமணம் பண்ணிக்கொண்டு போட்டோ அனுப்பாமல், டிக்கெட் எடுத்துக் கொடுத்து என்னை வரவழைத்து, படிக்குப் படி நின்று கூட்டிக்கொண்டு போகிறாளே. பொன்னுத்தாய்க்கு அந்தப் பொறுமை இல்லை, அல்லது பொன்னுத்தாய்க்கு யாரும் அந்த நேரம் கொடுக்கவில்லை. நான் வேண்டாம் என்றால் இவள் கட்டிக்கொள்ள மாட்டாளா. கட்டிக்கொள்வாள். கட்டிக்கொண்டு, வருசத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து, எங்கள் வீட்டு ஹாலில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிட்டுப் போவாள். இல்லை, வேண்டாம் என்று சொன்னதுக்காகக் கட்டிக்கொள்ளாமலே இருந்துவிடுவாள். அது இன்னும் மோசம். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டேன்.

கதவு நீலம். எண்ணெய் டின்களில் சிவப்புப் பூச்செடி. கலியோப்பி வாசலில் நின்றுகொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாகவோ. என் வயசுதான் இருக்கும், குட்டை முடி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்று செண்பகா சொல்லியிருக்கிறாள். கை அதைச் சொன்னது, விரலெல்லாம் வீங்கி, தோல் வெளுத்து. என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். நான் கல்லாக நின்றேன். சரி, நல்ல மனுசி என்று பட்டது. உள்ளே போனால் அறை என்பது ஒரு அறைதான், நடுவில் மேசை, மேசைமேல் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை விரிப்பு. விரிப்பின்மேல் ஒன்றும் இல்லை. ஒரு டம்ளர் இல்லை, ஒரு தட்டு இல்லை. உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தோம். விமானத்தில் கஷ்டமாக இருந்ததா என்று கேட்டாள், செண்பகா தமிழில் எடுத்துச் சொன்னாள். படி ஏறியதில் கால் வலிக்கிறதா என்று கேட்டாள். நான் ஊரில் வெயில் எப்படி என்று சொன்னேன். கலியோப்பி எழுந்தாள், இரண்டு எட்டு நடந்தாள், நின்றாள், திரும்ப வந்து உட்கார்ந்தாள். கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மறுபடியும் எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தாள். எப்போது போவார்கள் என்று பார்க்கிறாளா. இத்தனை படி ஏறி, வேர்த்து வழிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன், தண்ணீர் வேண்டுமா என்று ஒரு வார்த்தை இல்லை. எங்கள் ஊரில் கரண்ட் ரீடிங் எடுக்க வருகிற ஆளைக்கூடத் தண்ணி குடிக்கீங்களா என்று கேட்போம். நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு. கேட்க வேண்டாமா. வேண்டாம் என்று சொல்வதற்காக இவ்வளவு தூரம் மனசைக் கட்டிக்கொண்டு வந்தவளிடம் கேட்கக்கூட இல்லையே. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கறுத்த பெண், எங்கிருந்தோ வந்தவள், மகனைக் கொத்திக்கொண்டு போகிறாள் என்று நினைக்கிறாள். முத்தம் எல்லாம் வாசலோடு சரி. நல்லதாகப் போயிற்று, ஊருக்குப் போய்ச் சொல்ல ஒரு காரணம் கிடைத்தது. கேட்டவுடன் இவர் சிரிப்பார், பாத்தியா என்பார். எனக்கு ஏன் கண் கரிக்கிறது. இப்படி ஒரு வீட்டுக்கா என் பிள்ளை வரப் போகிறாள்.

முகம் கழுவ வேண்டும் என்று செண்பகாவிடம் சொன்னேன், அவள் உள்பக்கம் கைகாட்டினாள். குளியலறைக்குப் போகிற இடுக்கில் ஒரு கதவு பாதி திறந்திருந்தது. படுக்கையறை. கட்டில்மேல் பாத்திரங்கள். ஒன்று இரண்டு இல்லை, கட்டில் முழுக்க. தட்டங்கள், சட்டிகள், கிண்ணங்கள், ஒவ்வொன்றையும் பூவேலை போட்ட துணியால் மூடியிருந்தது. தலையணைகளைத் தரையில் இறக்கி வைத்திருந்தாள். ஒரு பெரிய ரொட்டியைத் துண்டில் சுற்றி, குழந்தையைக் கிடத்துகிற மாதிரி சுவரோரம் வைத்திருந்தாள். எலுமிச்சையும் எண்ணெயும் வெந்தயக்கீரை மாதிரி ஏதோ ஒரு கீரையும் கலந்து வாசனை வந்தது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். முகம் கழுவாமலே திரும்பி வந்தேன்.

"கட்டில்ல இருக்கிறதெல்லாம் யாருக்குட்டி?"

செண்பகா தலையைக் குனிந்துகொண்டாள். "உனக்குத்தாம்மா."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். நான் வருகிறேன் என்றதிலிருந்தே கலியோப்பி என்ன சமைப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டாளாம். இறைச்சி சாப்பிடுவேனா, காரம் வேண்டுமா என்று தினமும் போன் போட்டுக் கேட்டாளாம். நேற்று ராத்திரிதான் இவள் மெல்ல விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள்: எங்கள் வழக்கம் இப்படி, முடிவாகிற வரைக்கும் அம்மா எதுவும் சாப்பிட மாட்டாள், நீங்கள் எடுத்து வைத்து அவள் மறுத்தால் அவளுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம், அதனால் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம். கலியோப்பிக்குப் புரியவே நேரமானதாம். வீட்டுக்கு வந்தவளுக்கு ஒன்றுமே கொடுக்காமலா என்று திரும்பத் திரும்பக் கேட்டாளாம். அவள் வழக்கம் அது என்றால் செய்கிறேன், உன் அம்மாவுக்கு மரியாதைக் குறைவு வரக் கூடாது என்று ஒத்துக்கொண்டு, அழுதாளாம். எல்லாவற்றையும் கண்ணில் படாமல் கட்டில்மேல் கொண்டுபோய் அடுக்கியிருக்கிறாள், இந்த வீட்டில் வேறு இடம் இல்லை. நான் கலியோப்பியைப் பார்த்தேன். நாங்கள் பேசுவது புரியாமல், ஆனால் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்து, சிவந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். மேசைக்கு அடியில் ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள், அது எழுந்து போய் எதையாவது எடுத்துவிடாமல் இருக்க. எழுந்து எழுந்து உட்கார்ந்தது அதற்குத்தான். நான் கை நனைக்காமல் இருப்பது பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். எடுத்து வைக்காமல் இருப்பதற்கு இவள் பட்ட பாட்டுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. எங்கள் வழக்கத்தை என் வீட்டில்கூட ஒருவரும் இவ்வளவு கஷ்டப்பட்டுக் காப்பாற்றினதில்லை. எங்கோ இருந்து வந்த ஒருத்தியின் மானத்துக்காகத் தன் வழக்கத்தைத் தூக்கிக் கட்டில்மேல் போட்டு மூடி வைத்திருக்கிறாள். இந்த வீட்டில் என் மகள் முனகினால் எந்தப் பாஷை என்று இவள் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். அது எனக்குத் தெரிந்துவிட்டது. வீடுகளைப் பார்த்துப் பார்த்தே வயசானவள் நான், இது எனக்குத் தப்பாது. பயம் போய்விட்டதா என்றால் இல்லை. அது இருக்கட்டும் ஒரு ஓரமாக.

எழுந்து படுக்கையறைக்குள் போனேன். கைக்கு எட்டின பெரிய தட்டத்தை மூடின துணியோடு தூக்கிக்கொண்டு வந்து அந்த வெள்ளை விரிப்பின்மேல் வைத்தேன். கலியோப்பி எழுந்தாள். இப்போது உட்காரவில்லை. என்னைப் பார்த்தாள், செண்பகாவைப் பார்த்தாள். செண்பகா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினேன், தண்ணீர் குளிர்ந்தது. திரும்பி வருவதற்குள் பாதி மேசை நிறைந்துவிட்டது; அந்த அம்மாள் ஓடி ஓடி எடுத்து வருகிறாள், பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. துணியை எடுத்தேன். கீரையும் அரிசியும் சேர்த்துக் குழைய வடித்த சோறு. முள்கரண்டி வைத்தாள். அதை ஓரமாக நகர்த்திவிட்டு, பிசைந்து, முதல் வாய் வைத்தேன். புளிப்பு கொஞ்சம் தூக்கல், காரமே இல்லை. நன்றாக இருந்தது. இரண்டாவது வாய் வைத்த பிறகுதான் இவர் ஞாபகம் வந்தது. நீ நனைச்சா நான் நனைச்ச மாதிரி. ஆமாம், நனைத்தாகிவிட்டது. ஒளித்துவைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அப்பாவுக்குப் போன் போடு என்றேன். செண்பகா வேண்டாம் என்கிற மாதிரி பார்த்தாள். போடு என்றேன். கையெல்லாம் சோறு, அவள்தான் போனை என் காதில் பிடித்துக்கொண்டாள். ஊரில் சாயங்காலம். ஒரே மணியில் எடுத்துவிட்டார்.

"போயாச்சா?"

"வந்தாச்சு. சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

அந்தப் பக்கம் டிவி ஓடுவது கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது, அணைத்திருப்பார். கலியோப்பி கையில் கரண்டியோடு அசையாமல் நின்றாள். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, தொண்டையைச் செருமுவது கேட்டது.

"என்ன வச்சாங்க?"

கீரை போட்ட சோறு என்றேன். வேறே, என்றார். வேறு என்னென்ன என்று எனக்குப் பேர் தெரியவில்லை. ஒவ்வொரு துணியாக எடுக்கச் சொல்லி, செண்பகாவைக் கேட்டுக் கேட்டு, அவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.